மாமனைப் போல ஆகிவிடுவானா?

அன்புள்ள ஐயா,

சில வருடங்களாக உங்கள் தளத்தை வாசிக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் முறை. பெயரை வெளியிட வேண்டாம்.

நாங்கள் மேற்கு மாம்பலத்தில் இருக்கிறோம். என் அண்ணனுக்கு 19 வயதில், காலேஜ் இரண்டாம் வருடம் படிக்கும்போது, மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) வந்தது. யாரோ பின்னாலேயே வருகிறார்கள் என்று சொல்லிச் சொல்லி காலேஜுக்குப் போவதை நிறுத்தினான். முதலில் குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம் தங்க வைத்தார்கள். பிறகு மந்திரித்தார்கள். டாக்டரிடம் போவதற்குள் இரண்டு வருடம் ஓடிவிட்டது. இப்போது அவனுக்கு 43. மாத்திரை சாப்பிடுகிறான், அம்மாவோடு இருக்கிறான், காலையில் பால் வாங்கி வருவான், பேப்பர் படிப்பான். அம்மா அவனைச் சரியாக வளர்க்கவில்லை என்று அப்பா வழிச் சொந்தங்கள் இன்றும் சொல்கிறார்கள்.

என் மகனுக்கு 14 வயது. இந்த வருடம் மார்க் குறைந்துவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு ரூமிலேயே இருக்கிறான். ராத்திரி ஒரு மணி வரை தூங்குவதில்லை. கேட்டால் எரிந்து விழுகிறான். போன மாதம் என் மாமியார், "அப்படியே மாமனை உரிச்சு வச்சிருக்கான்" என்றார். அதிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. எச்சிலை எடுத்து அனுப்பினால் மூளை நோய்களுக்கு மரபணு ரிப்போர்ட் தரும் லேப் இருக்கிறது என்று கணவரின் நண்பர் சொல்கிறார். இன்னொருவர் ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிடுங்கள் என்கிறார். எடுக்கலாமா? இது பரம்பரை நோய்தானா? மகனிடம் மாமாவைப் பற்றி நாங்கள் எதுவும் சொன்னதில்லை. நரம்புத் தளர்ச்சி என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறோம்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நீங்கள் கேட்டிருப்பது லேப்பையும் ஸ்கேனையும் பற்றி. எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது உங்கள் கடிதத்தின் கடைசி இரண்டு வரிகள். அங்கே வருகிறேன். அதற்கு முன் எண்களைச் சொல்லிவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. இந்தத் துறையில் பல வருடங்களாகப் படித்து வருகிறவன். உங்கள் மகனைப் பார்த்துச் சொல்ல வேண்டியதை ஒரு மனநல மருத்துவர்தான் சொல்ல முடியும். ஆனால் பயத்தின் அளவை நானே குறைக்க முடியும் என்று நம்புகிறேன்.

மனச்சிதைவு நூறு பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு வருகிறது. அமெரிக்க உளவியலாளர் இர்விங் காட்டஸ்மன், ஐரோப்பாவில் பல பத்தாண்டுகளாக நடந்த குடும்ப ஆய்வுகளைத் தொகுத்து 1991ல் ஒரு கணக்கைக் கொடுத்தார். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு 13. உடன்பிறந்தவருக்கு இருந்தால் 9. மாமாவுக்கோ சித்தப்பாவுக்கோ அத்தைக்கோ இருந்தால் 4. உங்கள் மகன் இந்தக் கடைசி வரிசையில் வருகிறான். அதாவது அவனைப் போல, தாய்மாமனுக்கு நோய் இருக்கும் நூறு பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினால் 96 பேருக்கு இது வராது. தங்கையான உங்களுக்குத்தான் வாய்ப்பு அதிகம் இருந்தது, அதன் பெரும்பகுதியை நீங்கள் கடந்தும் வந்துவிட்டீர்கள். மாமியார் சொன்ன ஒரு வாக்கியத்தில் இந்த 4 நூறாகிவிட்டது, அவ்வளவுதான் நடந்தது.

சரி, பரம்பரையா? ஆமாம், பெரும் பங்கு பரம்பரை. மனச்சிதைவின் மரபுவழித் தன்மை சுமார் 80 சதவீதம் என்று இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன. இந்த எண்ணைப் பார்த்துத்தான் பல பெற்றோர் இடிந்து போகிறார்கள். மாமாவுக்கு இருந்தால் மருமகனுக்கு 80 சதவீதம் வரும் என்று புரிந்துகொள்கிறார்கள். அந்த எண் அதைச் சொல்லவே இல்லை. ஒரு ஊரில் உள்ள எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால், இந்த நோய்க்கு ஆளாகும் தன்மை ஆளுக்கு ஆள் வேறுபடுகிறதே, அந்த வேறுபாட்டில் மரபணுக்களின் பங்கு எவ்வளவு என்பதற்கான கணக்கு அது. ஒரு தனிப் பையனின் எதிர்காலத்தை அதிலிருந்து எடுக்க முடியாது. ஒரே கருவில் உருவான இரட்டையர்களைப் பாருங்கள். இருவருக்கும் மரபணு ஒன்றுதான். ஒருவருக்கு மனச்சிதைவு வந்தால் மற்றவருக்கும் வருவது ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான், சில ஆய்வுகளில் அதற்கும் குறைவு. அச்சு அசலாக அதே மரபணுவை வைத்துக்கொண்டே மீதிப் பேர் நோயில்லாமல் வாழ்ந்து முடிக்கிறார்கள்.

இன்னொன்று. குடும்பத்தில் இறங்குவது மனச்சிதைவு என்ற ஒரே நோய் அல்ல. ஸ்வீடனில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களின் பதிவேடுகளை வைத்து 2009ல் வந்த ஆய்வு, மனச்சிதைவும், அளவு மீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் பைபோலார் நோயும் மரபணுக்களைப் பெருமளவு பகிர்ந்துகொள்கின்றன என்று காட்டியது. ஒரு பொதுவான எளிதில் பாதிக்கப்படும் தன்மை இறங்குகிறது. அது ஒருவரிடம் பதற்றமாகவும், இன்னொருவரிடம் மனச்சோர்வாகவும், பலரிடம் எதுவுமில்லாமலும் போகலாம்.

இப்போது லேப். எடுக்காதீர்கள். பணத்துக்காகச் சொல்லவில்லை. மனச்சிதைவுக்கென்று ஒரு மரபணு கிடையாது. 76,000க்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து 2022ல் வெளியான உலகளாவிய ஆய்வு, மரபணுத் தொகுதியில் 287 இடங்களைக் காட்டியது. ஒவ்வொரு இடமும் வாய்ப்பைக் கூட்டுவது மிகமிகக் கொஞ்சம். அவற்றில் பல எனக்கும் இருக்கும், உங்கள் மாமியாருக்கும் இருக்கும். இவற்றையெல்லாம் கூட்டி ஒரு ஸ்கோர் போடுகிறார்கள். அந்த ஸ்கோருக்கு அடிப்படையான தரவில் பெரும் பகுதி ஐரோப்பிய வம்சாவளியினருடையது. அதை வைத்து மற்ற மக்களைக் கணித்தால் தப்பு அதிகமாகிறது. மாம்பலத்துப் பையனின் எச்சிலை எடுத்து ஐரோப்பியர்களை வைத்துச் செய்த அளவுகோலில் அளந்து சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வண்ணம் போட்டுக் கொடுத்தால் அதை வைத்து நீங்கள் என்ன செய்வீர்கள்? பச்சை வந்தால் எச்சரிக்கை போய்விடும். சிவப்பு வந்தால் பையனை வாழ்நாள் முழுக்க அந்தக் கண்ணோடு பார்ப்பீர்கள். ஐரோப்பியர்களிடமே கூட ஒரு தனி மனிதருக்கு நோய் வருமா என்று சொல்ல இந்த ஸ்கோரை மருத்துவர்கள் நம்புவதில்லை.

நம் பக்கத்திலும் ஆராய்ச்சி நடக்கிறது என்பதைச் சொல்ல வேண்டும். அண்ணா நகர் மேற்கு விரிவில் இருக்கும், மனச்சிதைவு ஆய்வும் சிகிச்சையும் செய்யும் ஸ்கார்ஃப் நிறுவனம், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து ஆய்வாளர்களோடு சேர்ந்து, இங்கே சுமார் 3,000 பேரின் மரபணுவை ஆராய்ந்து 2019ல் ஒரு முடிவை வெளியிட்டது. உடம்பு நியாசின் என்ற வைட்டமினைக் கையாளும் வழியோடு தொடர்புடைய ஒரு மரபணு அதில் தட்டுப்பட்டது. இப்படி நம் மக்களின் ரத்தத்தை வைத்து இன்னும் பல ஆய்வுகள் வந்தால்தான் ஒரு நாள் இங்குள்ள பிள்ளைகளுக்குப் பொருந்தும் சோதனை சாத்தியமாகும். விஞ்ஞானிகள் கேட்டால் ரத்தம் கொடுங்கள். ரிப்போர்ட் விற்பவருக்குக் கொடுக்க வேண்டாம்.

ஒரு விதிவிலக்கு உண்டு. 22ஆவது குரோமோசோமில் ஒரு சிறு துண்டு இல்லாமல் பிறக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குப் பின்னாளில் மனச்சிதைவு வருகிறது. இவர்களில் பலருக்குப் பிறவியிலேயே இதயக் கோளாறு, அண்ணத்தில் பிளவு, பேச்சும் படிப்பும் தாமதமாவது போன்றவை இருக்கும். அப்படிப்பட்ட குழந்தைக்கும், 13 வயதுக்கு முன்பே மனச்சிதைவு வந்த குழந்தைக்கும் டாக்டரே மரபணுச் சோதனை எழுதித் தருவார். அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் ஜூடித் ராப்பபோர்ட்டின் குழு இப்படிச் சிறு வயதிலேயே நோய் வந்த பிள்ளைகளைப் பல வருடங்கள் பின்தொடர்ந்தது. இவர்களிடம் குரோமோசோம் மாற்றங்கள் பெரியவர்களைவிட அதிகம் இருந்தன. பொதுவாக, எவ்வளவு சீக்கிரம் வருகிறதோ அவ்வளவு மரபணுச் சுமை கூடுதல். உங்கள் அண்ணனுக்கு 19ல் வந்தது. ஆண்களுக்கு அது வழக்கமான வயது.

ஸ்கேனுக்கு வருகிறேன். 14 வயதில் மூளைக்குள் என்ன நடக்கிறது என்பது ஆச்சரியமான விஷயம். குழந்தைப் பருவத்தில் மூளை தேவைக்கு மேல் நரம்பு இணைப்புகளைப் போட்டு வைக்கிறது. விடலைப் பருவத்தில் பயன்படாதவற்றை நீக்குகிறது. முருங்கையைக் கிளை வெட்டி விடுவது போலத்தான், வெட்டினால்தான் மரம் உருப்படும். நெற்றிக்குப் பின்னால் உள்ள, திட்டமிடவும் அடக்கிக்கொள்ளவும் உதவும் பகுதியில் இந்த வேலை இருபதுகளின் நடுப்பகுதி வரை நடக்கிறது. இந்த நீக்கம் அளவு மீறிப் போனால் மனச்சிதைவு வரலாம் என்று 1982ல் இர்வின் ஃபைன்பெர்க் என்ற மருத்துவர் ஊகித்தார். நல்ல ஊகம், ஆனால் கையில் ஆதாரம் குறைவு. 2016ல் ஹார்வர்டைச் சேர்ந்த குழு ஒன்று சி4 என்ற நோய் எதிர்ப்பு மரபணுவைப் பிடித்தது. அது அதிகம் வேலை செய்யும் வடிவம் உள்ளவர்களுக்கு நோய் வாய்ப்பு கொஞ்சம் கூடுகிறது. எலிகளில் அந்த மரபணு இணைப்புகளை நீக்கும் வேலையில் பங்கெடுப்பதும் தெரிந்தது. கிருமியைக் குறிவைக்கும் அதே புரதக் குடும்பம், வேண்டாத நரம்பு இணைப்பையும் அடையாளம் காட்டிக் கொடுக்கிறது. இந்த நோய் ஏன் பள்ளி முடிக்கும் வயதிலும் காலேஜ் வயதிலும் தலை காட்டுகிறது என்பதற்கு இன்று நம்மிடம் உள்ள சிறந்த விளக்கம் இந்தத் திசையில்தான் இருக்கிறது.

ஆனால் இதையெல்லாம் ஒரு பையனின் எம்.ஆர்.ஐ. படத்தில் பார்க்க முடியாது. ஆயிரக்கணக்கான நோயாளிகளின் படங்களைச் சராசரி எடுத்தால் சில பகுதிகள் சற்றுச் சிறிதாக இருக்கின்றன, மூளைக்குள் நீர் தேங்கும் அறைகள் சற்றுப் பெரிதாக இருக்கின்றன. தனித்தனியாக எடுத்தால் நோய் உள்ளவர் படமும் இல்லாதவர் படமும் கலந்து கிடக்கும். டாக்டர்கள் ஸ்கேன் எழுதுவது மூளைக்கட்டியோ அழற்சியோ இல்லை என்று உறுதி செய்துகொள்ள. வலிப்பு, திடீர்க் குழப்பம், கடும் தலைவலி இருந்தால் அது அவசியம். கதவைச் சாத்திக்கொள்கிறான் என்பதற்காக எடுத்தால், ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று வரும். உங்கள் பயம் அப்படியே இருக்கும்.

அம்மாவைப் பற்றி எழுதியிருந்தீர்கள். இதை நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பழி உங்கள் வீட்டில் மட்டும் இல்லை. 1948ல் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் என்ற உளப்பகுப்பாய்வாளர், பாசமில்லாத, அடக்கி ஆளும் தாய்தான் பிள்ளைக்கு மனச்சிதைவை உண்டாக்குகிறாள் என்ற கருத்தை எழுதினார். இருபது வருடத்துக்கும் மேலாக மேற்கத்திய மருத்துவமனைகளில் தாய்மார்களைக் குற்றவாளிகளாக உட்கார வைத்தார்கள். 1966ல் லியோனார்ட் ஹெஸ்டன் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், மனச்சிதைவுள்ள தாய்மார்களுக்கு மருத்துவமனையில் பிறந்து, பிறந்த மூன்று நாளுக்குள் பிரிக்கப்பட்டு வேறு இடங்களில் வளர்ந்த 47 பேரைத் தேடிப் பிடித்தார். அவர்களில் 5 பேருக்கு அந்த நோய் வந்திருந்தது. அதே போலப் பிரிந்து வளர்ந்த, ஆனால் தாய்க்கு நோயில்லாத 50 பேரில் ஒருவருக்கும் வரவில்லை. பெற்ற தாயின் முகத்தையே பார்க்காமல் வளர்ந்த பிள்ளைகளுக்கு அவள் வளர்ப்பால் நோய் வந்திருக்க முடியாது. உங்கள் அம்மாவின் மேல் இத்தனை வருடம் போட்ட பழி அநியாயம். அவர் காதில் விழும்படி யாராவது இதைச் சொல்ல வேண்டும். நீங்களே சொல்லுங்கள்.

அப்படியானால் வீட்டுச் சூழலுக்குப் பங்கே இல்லையா? உண்டு. பின்லாந்தில் பெக்கா டியனாரி தத்துப் பிள்ளைகளை நீண்ட காலம் பின்தொடர்ந்தார். மரபணுச் சுமை உள்ள பிள்ளைகள், சண்டையும் குத்தலும் நிறைந்த வீட்டில் வளர்ந்தபோது அவர்களுக்கு நோய் அதிகம் வந்தது. அதே சுமையோடு அமைதியான வீட்டில் வளர்ந்தவர்களுக்குக் குறைவு. சுமை இல்லாத பிள்ளைகளை வீட்டுச் சூழல் இந்த விஷயத்தில் அவ்வளவாகப் பாதிக்கவில்லை. ஆக, நோயை விதைத்தது அம்மா அல்ல. ஆனால் ஒரு பிள்ளையிடம் சுமை இருக்கலாம் என்று சந்தேகப்படும் வீட்டில், மூச்சுக்கு மூச்சு குறை சொல்வது ஆபத்து. உங்கள் மாமியாரின் வாக்கியத்தை நான் ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறேன் என்று இப்போது புரிந்திருக்கும். அதை உங்கள் கணவர் நிறுத்த வேண்டும். மருமகள் சொன்னால் சண்டையாகும், மகன் தனியாக உட்கார வைத்துச் சொன்னால் கேட்பார்.

பையனிடம் என்ன பார்க்க வேண்டும்? எங்கள் தெருவில் ஒரு பையன் இருந்தான். ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்தான். அவனும் கதவைச் சாத்திக்கொண்டான்தான். அதோடு ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கம் செய்தித்தாள் ஒட்டினான். வீட்டில் சமைத்ததைத் தொடமாட்டான். தானே உரித்த வாழைப்பழமும், கண்ணெதிரே பிரித்த பிஸ்கட் பாக்கெட்டும்தான் சாப்பாடு. தண்ணீரைக் குழாயில் நேராகப் பிடித்துக் குடிப்பான். உயிருக்குயிரான நண்பன் வாசலில் வந்து நின்றபோது, "நீ அவங்க ஆளு" என்று திருப்பி அனுப்பினான். குளிப்பது நின்று வாரக்கணக்கானது. இந்தக் கூட்டு மொத்தமும் சேர்ந்துதான் அடையாளம். சந்தேகம், பிறருக்குக் கேட்காத குரல், தொடர்பறுந்த பேச்சு, இருந்த நிலையிலிருந்து வழுக்கி விழுவது. உங்கள் கடிதத்தில், மார்க் குறைந்ததைத் தவிர, இவற்றில் எதுவும் இல்லை.

அதற்காக ஒன்றுமே இல்லை என்றும் விட்டுவிட வேண்டாம். 2021ல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு, உலகில் மனநலப் பிரச்சினைகளில் மூன்றில் ஒன்று 14 வயதுக்கு முன்பே தொடங்குகிறது என்றும், தொடக்கம் உச்சத்தைத் தொடும் வயது பதினாலரை என்றும் காட்டியது. அதில் மிகப் பெரும்பாலானவை பதற்றம், மனச்சோர்வு, கவனக்குறைபாடு போன்றவை. நம் தேசிய மனநலக் கணக்கெடுப்பு 2015-16ல் 13 முதல் 17 வயதினரில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பிரச்சினை இருப்பதாகச் சொன்னது. மார்க் குறைந்த, தூக்கம் தள்ளிப்போன, எரிந்து விழும் பையனுக்கு ஸ்கூலில் யாராவது தொந்தரவு தருகிறார்களா, மனச்சோர்வா, வெறும் போனா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. சாவைப் பற்றிப் பேசினாலோ கையைக் கிழித்துக்கொண்டாலோ அன்றே கூட்டிப்போக வேண்டும்.

கஞ்சாவைப் பற்றி வெளிப்படையாகப் பேசுங்கள். சென்னைப் பெற்றோர் இன்னும் இதை வேறு யார் வீட்டுப் பிள்ளைகளின் விஷயமாகவே நினைக்கிறார்கள். ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் 11 இடங்களில் நடந்து 2019ல் வெளியான ஆய்வில், வீரியம் மிக்க கஞ்சாவைத் தினமும் புகைத்தவர்களுக்கு சைக்கோசிஸ் (மனச்சிதைவு உள்ளிட்ட, நிஜத்தோடு தொடர்பு அறுந்துபோகும் நோய்கள்) வரும் வாய்ப்பு, தொடாதவர்களைவிட ஏறக்குறைய ஐந்து மடங்கு இருந்தது. மரபணுவை மாற்ற முடியாது. இதை மாற்ற முடியும். தாய்மாமனுக்கு நோயுள்ள ஒரு பையனுக்கு, மற்றவர்கள் 'ஒரு தடவை இழுத்தால் என்ன' என்று கேட்கும்போது, தனக்கு அது ஏன் கூடாது என்று தெரிந்திருக்க வேண்டும்.

அதற்கு, மாமாவுக்கு என்ன என்று அவனுக்குத் தெரிய வேண்டுமே. இதற்காகத்தான் கடைசி வரிகளைச் சொன்னேன். 14 வயதுப் பையன் நரம்புத் தளர்ச்சியை நம்பிக்கொண்டிருக்க மாட்டான். மாத்திரை அட்டையில் உள்ள பெயரைப் போனில் போட்டுப் பார்க்க அவனுக்கு ஒரு நிமிடம் போதும். ஏற்கெனவே பார்த்திருப்பான் என்றே நினைக்கிறேன். பாட்டி சொன்னதும் காதில் விழுந்திருக்கும். இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு அந்த மூடிய கதவுக்குள் தனியாகப் பயந்துகொண்டிருக்கலாம். அவனோடு எங்காவது நடந்து போகும்போது, முகத்தைப் பார்த்து உட்கார வைக்காமல், சாதாரணமாகச் சொல்லுங்கள்: மாமாவுக்கு மனச்சிதைவு என்று ஒரு நோய், மூளை சம்பந்தப்பட்டது, சீக்கிரம் மருந்து கொடுத்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருப்பார், நமக்கு அன்று தெரியவில்லை. உனக்கு வராமலிருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 96. எப்போதாவது மனசுக்குள் விசித்திரமாக ஏதாவது நடந்தால், குரல் கேட்டால், யாரோ பார்ப்பது போல இருந்தால், என்னிடம் வந்து சொல், நான் திட்டமாட்டேன், டாக்டரிடம் போவோம். இவ்வளவு போதும். மரபணு ரிப்போர்ட்டால் செய்ய முடியாததை இந்தப் பேச்சு செய்யும். அண்ணன் விஷயத்தில் இழந்தது இரண்டு வருடம். சிகிச்சை தாமதமாகத் தாமதமாகப் பின்னால் குணமாவது கடினமாகிறது என்று இந்தத் துறையில் பல ஆய்வுகள் காட்டுகின்றன.

அண்ணனைப் பற்றியும் பயத்தோடு மட்டும் பேசாதீர்கள். சென்னை மனநல மருத்துவர் தாராவும் குழுவினரும் 1981ல் தொடங்கி சென்னையில் புதிதாக நோய் வந்த 90 பேரைப் பத்தாண்டுகள் கணக்கில் பின்தொடர்ந்தார்கள். முதல் பத்து வருட முடிவில் பெரும்பாலானோர் நல்ல நிலையில் இருந்தார்கள். மாண்ட்ரியலையும் சென்னையையும் ஒப்பிட்ட பிற்கால ஆய்வில், இங்கே குடும்பங்கள் சிகிச்சையில் கூடவே நின்றதும் தெரிந்தது. 22 வருடமாக மாத்திரை தவறாமல் கொடுத்து ஒருவரைப் பால் வாங்கவும் பேப்பர் படிக்கவும் வைத்திருக்கும் உங்கள் அம்மா, அந்தக் குடும்பங்களில் ஒருவர்.

இனி செய்ய வேண்டியது. பேசிய பிறகும் இந்த நிலை சில வாரங்கள் நீடித்தால், குழந்தைகள் மனநலம் பார்க்கும் டாக்டர் ஒருவரிடம் ஒரு முறை கூட்டிப்போங்கள். யார் என்று அண்ணனின் டாக்டரையே கேட்கலாம். கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையிலும் பார்ப்பார்கள், அந்தப் பெயருக்காகத் தயங்க வேண்டாம். கிளம்பும் முன் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416, டெலி மனஸ் என்ற அரசின் மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம். போகும்போது அண்ணனின் பழைய கேஸ் ஷீட்டை எடுத்துப் போங்கள். எந்த வயதில் முதல் அறிகுறி, எந்த மருந்து கேட்டது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மாவிடம் கேட்டு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். தாத்தா, பாட்டி தலைமுறையில் யாராவது வீட்டைவிட்டுப் போனார்களா, தற்கொலை செய்துகொண்டார்களா, சொந்தத்தில் கல்யாணமா என்றும் கேளுங்கள். அப்பா வழியிலும் கேளுங்கள், அந்தப் பக்கத்தில்தான் எல்லோரும் மறைப்பார்கள். அந்த ஒரு தாள் டாக்டருக்கு எச்சில் ரிப்போர்ட்டைவிடப் பயன்படும்.